அவளை மட்டும்

மார்ச் 4

தம்பிக்கு,

போன் செய்யாதே. செய்தாலும் வராது, உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பேசினால் நடுவில் ஏதாவது கோமாளித்தனம் செய்து என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். பிறகு எதற்காகக் கோபப்பட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நீ தப்பித்து வருகிறாய். தாளில் அந்த வித்தை செல்லாது. அதனால் எழுது.

செவ்வாய்க்கிழமை வாலுவுக்கு ரத்தம் ஏற்றப் போனோம். நரம்பு சிக்கவில்லை. இடது கை, வலது கை, மறுபடியும் இடது கை. உன் அக்கா மகள் அழவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா" என்றாள். "ஆமாண்டி செல்லம்" என்றேன். அந்த வார்த்தை வாயில் இருக்கும்போதே பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புதுச் சிகிச்சைக்கான வரிசையில் முதலாவதாக இருந்த வாலுவின் பெயர் இப்போதைக்கு இல்லையாம். ஏன் என்று கேட்டேன். சில நடைமுறைக் காரணங்கள் என்றார். நல்ல மனுஷி அவர். என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். அன்று மேஜையிலிருந்த பேனாவைப் பார்த்துப் பேசினார்.

வெளியே வந்தால் நர்ஸ் கேட்கிறாள்: "உங்க தம்பி சொல்லலையா? போன வாரம் வந்து டாக்டர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டுப் போனாரே."

ஆக, நீ இந்த ஊருக்கு வந்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற என் வீட்டை எட்டிப் பார்க்காமல் போயிருக்கிறாய்.

இதை ஹோட்டலில், சலவைப் பிரிவு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். படுக்கை விரிப்புகளை உலர்த்தும் இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில் நான் அழுதாலும் என்கீழ் வேலை செய்கிற பெண்களுக்குக் கேட்காது. உன் அத்தான் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வாலுவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒரே ஒரு கேள்வி. டாக்டரிடம் என்ன சொன்னாய்?

அக்கா

•

மார்ச் 10

அக்காவுக்கு,

உறையில் என் படிப்பு, பட்டம், பதவி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். உனக்கு எவ்வளவு கோபம் என்பது பிரிப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது.

டாக்டரிடம் போனது உண்மை. வாலுவின் பெயரை எடுக்கச் சொன்னதும் நான்தான். காரணம் விதிமுறை சம்பந்தப்பட்டது. அந்தச் சிகிச்சையின் வழிகாட்டியை வடிவமைத்தவன் நான். என் சொந்த அக்கா மகளுக்கே அதைச் செலுத்தினால், நாளைக்கு யாராவது முடிவுகளைச் சந்தேகிக்கலாம். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று பட்டது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று முன்பு ஒரு தடவை கேட்டாய். அவசரத்தில் ஏதோ உளறினேன். இப்போது சொல்கிறேன். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முந்நூறு கோடி எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை வெட்டத் தெரிந்த ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு வெட்டத்தான் தெரியும், எங்கே வெட்டுவது என்று தெரியாது. இருபது எழுத்து நீளமுள்ள ஒரு சின்ன ஆர்.என்.ஏ-வை நாங்கள் எழுதி அதோடு சேர்த்து அனுப்புகிறோம். அதுதான் வழிகாட்டி. அந்த இருபது எழுத்து எங்கே பொருந்துகிறதோ அங்கே புரதம் வெட்டும். கிரிஸ்பர் என்று செய்தியில் வருவது இதுதான்.

வாலு உன் வயிற்றில் இருந்தபோது அவள் உடம்பு வேறு மாதிரியான ரத்தம் செய்துகொண்டிருந்தது. அதில் எந்தக் கோளாறும் இல்லை. பிறந்த பிறகு உடம்பு அதை நிறுத்திவிட்டு, கோளாறுள்ள ரத்தத்தைச் செய்யத் தொடங்கியது. நிறுத்துகிற அந்த இடத்தை வெட்டிவிட்டால் பழைய ரத்தம் திரும்ப வரும். அதற்காகத்தான் போன மழைக்காலத்தில் அவளிடமும் மற்றவர்களிடமும் செல்களை எடுத்து, வெட்டி, உறைய வைத்திருக்கிறார்கள். அவற்றைத் திரும்ப உடம்பில் ஏற்றுவதற்கான தனியறை ஒன்றுதான் என்பதால் வரிசை.

பொறுத்துக்கொள், அக்கா. அடுத்த சுற்று நிச்சயம் வரும்.

வீட்டுக்கு வராததற்கு என்னிடம் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை. வாலுவிடம் நான் கேட்டதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே.

தம்பி

•

மார்ச் 17

தம்பிக்கு,

விதிமுறையாம். சப்பைக்கட்டு கட்டுவதையாவது ஒழுங்காகக் கட்டு. வாலுவைச் சேர்த்த முதல் நாளே, இந்தச் சிகிச்சையில் வேலை செய்கிறவர் யாராவது உறவா என்று கேட்டார்கள். என் கூடப்பிறந்த தம்பி என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பரவாயில்லை, நோயாளிகளின் பக்கமே அவர் வரப்போவதில்லை என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அன்று வராத விதிமுறை இன்று எங்கிருந்து முளைத்தது?

வாலுவின் இடம் யாருக்குப் போயிருக்கிறது தெரியுமா? பாட்டுக்காரிக்கு. உன்னிடம் சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பாய். ரத்தம் ஏற்றும் அறையில் எங்களுக்கு அடுத்த நாற்காலி. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண். ஊசி ஏறும்போது வலி தெரியாமலிருக்க ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பாள், அதனால் வாலு வைத்த பெயர் அது. அவள் அப்பா பஸ் டிரைவர். மனைவி இல்லாத மனிதர். யூனிஃபார்மோடு நேரே வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். என்னை வாய் நிறைய "தங்கச்சி" என்று கூப்பிடுவார். எனக்கு வேலையிலிருந்து வர நேரமானால் வாலுவுக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுப்பது, போர்வை போர்த்துவது எல்லாம் அவர்தான்.

நேற்று வந்து என் முன்னால் நின்றார். "தங்கச்சி, எங்களுக்குக் கூப்பிட்டுட்டாங்க. உங்க பாப்பாவுக்கு அப்புறம்தான்னு நினைச்சிருந்தோம். எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னே தெரியல" என்றார். ஏதோ எங்கள் வீட்டில் திருடியவர் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சந்தோஷம் அண்ணா" என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். குனிந்தபடியே என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், உன் ஒருவனிடம்தான் எழுத முடியும். அவளுக்கு அது சரிப்படாமல் போகட்டும், வாலுவுக்கே திரும்பி வரட்டும் என்று நினைத்தேன். தாயில்லாத பெண்ணைப் பற்றி. நேற்றிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தலை வாரவே கூச்சமாக இருக்கிறது.

என்னை இந்த அளவுக்குக் கொண்டுவந்தது நீ. காரணத்தைச் சொல்.

அக்கா

•

மார்ச் 22

அக்கா,

பாட்டுக்காரி என்று நீ எழுதிய வரியைப் படித்துவிட்டு, பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்கு வருவது எண் மட்டும்தான். வாலுவின் எண்ணுக்கு அடுத்து இன்னோர் எண் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த எண் பாடும் என்று நான் யோசிக்கவில்லை. அப்படி எழுதுவதுகூடப் பொய். யோசிக்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் உன் வீட்டில் தங்கியிருந்தேன் அல்லவா, நீ வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் வாலுவை வாய் திறக்கச் சொன்னேன். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்தேன். "எதுக்கு மாமா?" என்றாள். "சும்மாதான். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. அம்மாகிட்ட சொல்லாதே" என்றேன். யாருடைய அனுமதியும் இல்லாமல் அப்படி எடுக்கக்கூடாது. எங்கள் வேலையில் முதலில் சொல்லித்தருவதே அதுதான். எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். நான் எழுதிய இருபது எழுத்து அவள் உடம்பில் போய்ச் சரியாகப் பொருந்துவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று.

பார்த்தேன். அவளிடம் எடுத்த செல்லில், ஆய்வுக்கூடத்தில், சரியான இடத்தில் வெட்டியது. இன்னோர் இடத்திலும் வெட்டியது.

புரியும்படி சொல்கிறேன். வழிகாட்டியின் எழுத்துகள் பொருந்தினால் மட்டும் போதாது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அடையாளம் இருந்தால்தான் அந்தப் புரதம் அங்கே உட்காரும். கிட்டத்தட்ட அதே இருபது எழுத்து வேறோர் இடத்திலும் உண்டு. எல்லோருக்கும் உண்டு. ஆனால் அங்கே அடையாளம் கிடையாது, அதனால் ஆபத்தில்லை என்று கம்ப்யூட்டரில் தேடி முடிவு செய்திருந்தோம். வாலுவுக்கு அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த ஓர் எழுத்தால் அடையாளம் உண்டாகிவிட்டது. என்னுடையதையும் எடுத்துப் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது. நம் குடும்பத்தில் வருகிறது.

வெட்டு விழுகிற அந்த இரண்டாவது இடம், செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கி வைக்கிற ஒரு மரபணுவின் நடுவில் இருக்கிறது. அது கெட்டுப்போனால் பின்னால் என்ன வரக்கூடும் என்று நீயே ஊகித்துக்கொள்வாய்.

நாங்கள் தேடியது யாரோ சிலரிடமிருந்து எடுத்த பொதுவான ஒரு வரிசையில். அவர்களில் நம் மாதிரி ஆட்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு நோயாளியின் வரிசையிலும் தனியாகத் தேடிப் பார்க்கலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். தேவையில்லை, வேலை தாமதமாகும் என்று எழுந்து நின்று வாதாடி, அவள் வாயை அடைத்தவன் நான்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். அதனால் உறவு, சந்தேகம், நியாயம் என்று பூசி மெழுகினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நேர்மையா யார் இருப்பாங்க" என்றார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை, அக்கா. பணிவாகச் சிரித்தேன்.

மற்றவர்களுக்கு அந்த எழுத்து இருக்காது, அது அரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரிது என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

தம்பி

•

மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உடனே பதில் எழுதியிருந்தால் உன்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டிருப்பேன். இப்போது அந்த யோக்கியதை எனக்கும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வாலு. அவளை உட்கார வைத்து, "மாமா வந்தப்போ உன் வாயில குச்சி விட்டு ஏதாவது எடுத்தானா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றாள். இன்னொரு தடவை கேட்டேன். "இல்லம்மா" என்று நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கண் சிமிட்டவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள். என் மகளுக்கு இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது. யார் கற்றுக் கொடுத்தது என்று மட்டும் இப்போது தெரிகிறது.

அதற்கடுத்த முறை ரத்தம் ஏற்றப் போனபோது உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. பக்கத்தில் டிரைவர் அண்ணன். பாட்டுக்காரி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். தனியறைக்குப் போனதும் எலும்புக்குள் இருப்பதையெல்லாம் துடைத்து எடுக்கிற மருந்து கொடுப்பார்கள், அதில் எப்படியும் கொட்டிவிடும், அதற்கு முன்னால் நானே வெட்டிக்கிறேன் என்று போய் வெட்டிக்கொண்டாளாம். வாலு அவள் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "பிரஷ் மாதிரி இருக்குக்கா" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

அண்ணன் என்னிடம் கேட்டார்: "உங்க தம்பி இதுலதானே இருக்கார்? அவர் என்ன சொல்றார் தங்கச்சி? பயப்பட ஒண்ணுமில்லையே?"

கேட்டுவிட்டார். என்னிடம், நேராக. நான், "அவன் ஆய்வுக்கூடத்துல இருக்கான், ஆஸ்பத்திரி விஷயம் அவனுக்குத் தெரியாதுண்ணா" என்றேன்.

உன் வேலை போய்விடுமே என்று அப்போது நினைத்தேன். அப்பா இல்லாத வீட்டில் உன்னைப் படிக்க வைக்க நான் என் படிப்பை நிறுத்தியதை நினைத்தேன். டிவியில் நீ பேசியதை ஹோட்டல் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியதை நினைத்தேன். அவர் பெண்ணை நினைக்கவில்லை. அவள் வாலுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

ஆகவே உன்னை என்ன கேட்பது? நீ செய்ததை ஒரு மத்தியானத்தில் நானும் செய்துவிட்டேன்.

சொல்லிவிடு. உன்னைக் கெஞ்சுகிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 2

அக்கா,

சொல்கிறேன். நிச்சயம் சொல்கிறேன். ஆனால் வாலுவின் ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு போய் நின்றால் நம்ப மாட்டார்கள். இன்னும் இரண்டு சோதனைகள் செய்து, கையில் ஆதாரத்தோடு போனால் நல்லது என்று படுகிறது. எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரும் அடுத்த வாரம்தான் ஊரிலிருந்து வருகிறார். எப்படி ஆரம்பிப்பது என்று எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 4

இதை ஹோட்டல் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், காவலாளியிடம் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் உன் முன்னால் நிற்கும்போதே படி.

பாட்டுக்காரியைத் திங்கட்கிழமை தனியறைக்குக் கொண்டுபோகிறார்கள். அன்றைக்கே மருந்து ஆரம்பம். அது உள்ளே போன பிறகு திரும்பி வர வழியில்லை என்று நர்ஸ் சொல்கிறாள்.

உனக்குச் சோதனை வேண்டாம், இயக்குநர் வேண்டாம். பஸ் ஏறு. நீ வராவிட்டால் நாளைக்குக் காலையில் நான் டாக்டர் அறைக்குப் போவேன். எனக்கு உன் எழுத்து, அடையாளம் எதையும் விளக்கத் தெரியாது. "என் தம்பி" என்றுதான் ஆரம்பிக்கத் தெரியும். அதற்குமேல் உன் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

அக்கா

•

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். என் பின்னால் உள்ளே வருவாய் என்று நினைத்தேன். வராமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாய். திரும்பி வந்தபோது நீ இல்லை. அது சரிதான்.

உள்ளே என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும்.

டாக்டர் எழுந்து வரவேற்றார். டீ சொல்லியனுப்பினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஒழுங்காக வரவில்லை. முதலில் அந்த இரண்டாவது இடத்தைப் பற்றிச் சொன்னேன், அவர் உடனே போனை எடுத்து வார்டுக்குப் பேசி, திங்கட்கிழமைக்கானதை நிறுத்தச் சொன்னார். அதற்கு அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நான் இத்தனை நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்த விஷயம்.

பிறகுதான் எப்படித் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். எப்போது தெரியும் என்று கேட்டார். அதையும் சொன்னேன். "அக்கா மகளைத் தள்ளி வைக்கச் சொன்ன அன்னைக்கு இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தீங்க. நான் உங்களைப் பத்தி என் மாணவர்கள்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. வந்த டீயை நகர்த்தி வைத்தார். என் பக்கம் இல்லை, ஓரமாக.

எங்கள் இடத்தில் எனக்கு இரண்டு நாள் விசாரணை. கூட்டத்தில் நான் வாயடைத்த அந்தப் பெண்ணும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாவது இடத்தின் எண்ணை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் அப்படி எழுதிக்கொண்டது மற்றவர்கள் திட்டியதைவிடச் சுட்டது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். என் கோப்பையையும் ஸ்வெட்டரையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.

உறைய வைத்திருக்கும் எல்லோருடைய செல்களிலிருந்தும் துளி எடுத்து அந்த இரண்டாவது இடத்தைப் பார்க்கப் போகிறார்கள். ஏற்கனவே சிகிச்சை முடித்தவர்கள் இரண்டு பேர். அவர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முடிவு எனக்குச் சொல்ல மாட்டார்கள். உனக்குத் தெரிந்தால் எழுது.

தம்பி

•

ஏப்ரல் 24

தம்பிக்கு,

தெரிந்தது. சிகிச்சை முடித்த இரண்டு பேருக்கும் அந்த எழுத்து இல்லை. அதுவரைக்கும் நல்லது, ஆனாலும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

வாலுவின் செல்களில் நீ சொன்ன மாதிரியே வெட்டு இருந்தது. பாட்டுக்காரியுடையதிலும் இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, பாதிக்கு மேல் என்றார் டாக்டர். இரண்டையும் அழித்துவிட்டார்கள். சிகிச்சை மொத்தமும் நின்றுவிட்டது. புது வழிகாட்டி எழுத வேண்டும், அதை ஒவ்வொருவருடைய வரிசையிலும் பார்க்க வேண்டும், பிறகு மறுபடி செல் எடுக்க வேண்டும். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. வாலு கேட்டது, "மறுபடி முதல்ல இருந்தாம்மா?" என்ற ஒரே கேள்விதான். ஆமாம் என்றேன். சரி என்று பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு போனாள். உன் ரகசியத்தை இனிக் காப்பாற்ற வேண்டாம் என்று சொன்னேன். "மாமாவே வந்து சொல்லட்டும்" என்றாள்.

ரத்தம் ஏற்றும் அறையில் எங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அண்ணனும் மகளும் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி ஏறும்போது அவள் பாடவில்லை. நானே எழுந்து போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது.

அவர் எழுந்து நின்றார். மரியாதைக்கு எழுந்திருப்பது போல.

"உங்களுக்கு எப்போ தெரியும், மேடம்?" என்றார்.

மேடம். நாலு வருஷமாகத் தங்கச்சி என்று கூப்பிட்ட வாய்.

"நீங்க என்கிட்ட கேட்ட அன்னைக்கு, என் பையில கடிதம் இருந்ததுண்ணா" என்றேன்.

தலையை ஆட்டினார். "என் பொண்ணு அன்னைக்கு உங்க பாப்பாவுக்குத் தலையைத் தடவக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தா" என்றார். உட்கார்ந்துவிட்டார். நான் அங்கேயே நின்றேன். நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டு எங்கள் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

போகும்போது பாட்டுக்காரி மட்டும் என்னிடம் வந்தாள். உன்னைப் பார்க்க வேண்டுமாம். ஏதோ ஒன்று கேட்க வேண்டுமாம். அவள் அப்பா வாசலில் திரும்பி நின்றுகொண்டிருந்தார், தடுக்கவில்லை. அவர்கள் வீட்டு முகவரியை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் கூட வர மாட்டேன். உன்னைக் கை பிடித்துக் கூட்டிப்போன காலமெல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா

•

மே 6

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன்.

மூன்றாவது மாடி. குறுகலான படி, ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். கதவைத் திறந்தது அவர்தான். யூனிஃபார்ம் இல்லாமல், பனியனோடு. "வாங்க" என்று சொல்லவில்லை, நகர்ந்து வழி விட்டார். ஓர் அறையும் சமையலறையும்தான். கயிற்றில் அவருடைய காக்கிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மேஜையில் அவளுடைய பாடப்புத்தகங்கள், ஒரு மூலையில் துணிப்பை ஒன்று. புதுச் சோப்பு, புதுத் துண்டு, மடித்த இரண்டு நைட்டி, பையின் வாய் வழியே வெளியே தெரிகிற அளவுக்கு அடைத்து வைத்திருந்தது. தனியறைக்குப் போகக் கட்டியது. இன்னும் பிரிக்கவில்லை.

வழியெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். எனக்கு நன்றாகப் பேச வரும், உனக்குத் தெரியும். உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். வழிகாட்டி, வரிசை, எங்களிடம் இருந்த தரவு போதாதது என்று போய்க்கொண்டே இருந்தேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். அவளுக்கு முடி இப்போதுதான் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது.

"அது டாக்டர் சொன்னாங்க சார்" என்றாள். "எனக்குப் புரிஞ்சுது. நான் கேட்கணும்னு நினைச்சது வேற. வாலுவோட அம்மா கடிதம் எழுதலைன்னா, எனக்கு அந்த மருந்து போட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்லியிருப்பீங்களா?"

அவள் அப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிச்சயம் சொல்லியிருப்பேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அக்கா. அவ்வளவு எளிதாக வந்தது. வாலுவை வாய் திறக்கச் சொன்னபோது வந்த மாதிரி, டாக்டர் கையைப் பிடித்தபோது வந்த மாதிரி.

"தெரியல" என்றேன். "அப்பவும் ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிருப்பேன்னுதான் தோணுது."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரி" என்றாள். "எல்லாரும் உங்களுக்காக ஏதோ சமாதானம் சொல்றாங்க. நீங்களும் அதையே சொன்னா எப்படின்னு பயந்துட்டிருந்தேன்." பிறகு புத்தகத்தைத் திறந்துகொண்டாள். மறுநாள் பரீட்சையாம்.

நான் எழுந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார். எதற்கு என்று தெரியவில்லை, அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார். நிழற்குடையில் ஒரு பெஞ்ச் இருந்தது, இருவரும் உட்காரவில்லை.

"அந்தப் புது எழுத்தை எழுதுறவங்க யாரு?" என்று திடீரென்று கேட்டார்.

"என்கூட வேலை செஞ்ச ஒரு பொண்ணு. ஒவ்வொருத்தருக்கும் தனியா பார்க்கணும்னு முதல்லயே சொன்னவங்க."

"நீங்க இல்லையே?"

"இல்ல."

"சரி" என்றார் அவரும். மகளைப் போலவே சொன்னார்.

தூரத்தில் பஸ் வந்தது. நான் கையை நீட்டினேன், ஓட்டுநர் கவனிக்காமல் போய்விடுவார் போலிருந்தது. இவர் ஓரடி சாலையில் இறங்கிக் கையைக் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததும் பஸ் நின்றது. நான் ஏறும்வரை நின்றார். ஏறிய பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் மன்னித்துவிட்டார் என்று உனக்கு எழுத மாட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், அந்தப் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதுபோல் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, யாரிடமும் எதையும் மறைத்து வைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வாலுவிடம் வருகிறேன். கதவை அவளே திறக்கட்டும். நீயும் பக்கத்தில் இரு. நான் அவளிடம் சொல்வது எல்லாம் உன் காதிலும் விழ வேண்டும்.

தம்பி